அக்காவுக்கு நாலாம் நிலை மார்பகப் புற்றுநோய்: மாத்திரையா, வைத்தியர் சொல்லும் ஒரு மண்டலப் பத்தியமா?

கெடிலக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு 54 வயது. ஆறு மாதமாக இடுப்பு வலி, இடுப்பு வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மார்பில் கட்டி இருந்ததை ஒன்றரை வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. வலிக்கவில்லை, கொழுப்புக் கட்டியாக இருக்கும் என்று விட்டுவிட்டாளாம். போன மாதம் பெட் ஸ்கேன் எடுத்ததில் முதுகெலும்பு, இடுப்பெலும்பு, அப்புறம் கல்லீரலில் இரண்டு சின்னப் புள்ளி. நாலாம் நிலை என்று எழுதிவிட்டார்கள்.

டாக்டர் நல்ல மனுஷர்தான். ரைபோசிக்ளிப், லெட்ரோசோல் என்று இரண்டு மாத்திரையும் எலும்புக்கு ஒரு ஊசியும் எழுதியிருக்கிறார். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், "குணமாகிவிடுமா சார்?" என்று கேட்டார். "முழுசாகக் குணமாக்க முடியாது, கட்டுக்குள் வைக்கலாம்" என்றார் டாக்டர். மாமா அந்த இடத்திலேயே உடைந்துபோனார். அடுத்த வாரம் யாரோ சொல்லி ஒரு வைத்தியரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அவர் நாடி பிடித்து, "ஒரு மண்டலம் என்னிடம் விடுங்கள், இங்கிலீஷ் மருந்து எதுவும் கூடாது, உப்பு புளி கூடாது, கட்டி கரைந்து வெளியே வந்துவிடும்" என்றாராம். மாதம் 40,000 ரூபாய், ரொக்கம். பொட்டலத்தில் மருந்தின் பெயர் இல்லை. பயாப்சி ஊசி குத்தியதால்தான் பரவியது என்று வேறு சொல்லி அனுப்பியிருக்கிறார்.

வீட்டில் பேச்சே சண்டையாகத்தான் முடிகிறது. இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். மாமாவைத் திட்ட மட்டும் வேண்டாம்.

ஆறாவது வருடம்:
தம்பி, முதலில் பயாப்சி ரிப்போர்ட்டில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 என்று மூன்று வரி இருக்கும், முதல் இரண்டும் கட்டி ஹார்மோனால் வளரும் ரகமா என்று சொல்லும், மூன்றாவது ஹெர்2 என்ற புரதம் அதிகமா என்று சொல்லும், அதை இங்கே போடுங்கள். அது தெரியாமல் யார் எது சொன்னாலும் குருட்டுப் பேச்சு. மாதவிடாய் நின்றுவிட்டதா என்றும் சொல்லுங்கள்.

கெடிலக்கரை:
ஈ.ஆர். 90 சதவீதம், பி.ஆர். 60, ஹெர்2 ஒன்று பிளஸ், நெகட்டிவ் என்று எழுதியிருக்கிறது. மாதவிடாய் நின்று நாலு வருடம் ஆகிறது.

ஆறாவது வருடம்:
இருக்கிற கெட்ட செய்தியில் இது கொஞ்சம் நல்ல செய்தி. அக்காவின் கட்டி ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைத் தின்று வளரும் ரகம். லெட்ரோசோல் உடம்பில் அந்த ஹார்மோன் ஊறுவதையே நிறுத்துகிறது. ரைபோசிக்ளிப் செல் இரண்டாகப் பிரியும் வேலையைத் தடுக்கிறது. இரண்டும் வீட்டில் சாப்பிடும் மாத்திரை. மாமா மனசில் கேன்சர் மருந்து என்றால் டிரிப்ஸ், வாந்தி, மொட்டைத் தலை என்ற படம்தான் இருக்கும். அந்தப் படத்தை முதலில் கலைத்துவிடுங்கள், பாதி சண்டை தீரும்.

நானும் இதே ரகம்தான். 2020இல் எலும்பிலும் நுரையீரல் உறையிலும் இருக்கிறது என்று தெரிந்தது. நான் ஆரம்பித்தது பால்போசிக்ளிப், ரைபோசிக்ளிப் வகையிலேயே இன்னொரு மாத்திரை. அப்போது கம்பெனி மருந்து மட்டும்தான், விலையைக் கேட்டு என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு வளையலும் ஒரு ஆரமும் போயின. 2023 ஜனவரியில் அதன் காப்புரிமை முடிந்து நம் நாட்டுக் கம்பெனிகள் போட ஆரம்பித்த பிறகு மாதம் சில ஆயிரத்துக்கு வந்துவிட்டது. எனக்கு முடி கொட்டவில்லை, மெலிந்தது. வெள்ளை அணு குறைந்து இரண்டு தடவை மருந்தை நிறுத்தி, டோஸ் குறைத்துத் தொடர்ந்தார்கள். காலையில் எழுந்தால் கைவிரலை மடக்க முடியாது, வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால்தான் காபி டம்ளரைப் பிடிப்பேன். மூன்று வருடம் கழித்து ஒரு புதுப்புள்ளி வந்தது. இப்போது ஃபுல்வெஸ்ட்ரான்ட் என்ற ஹார்மோன் தடுப்பு மருந்து, மாதம் ஒரு முறை இரண்டு பக்கப் பிட்டத்திலும் ஊசி. அன்று மட்டும் உட்காரும்போது முகம் கோணும். மற்றபடி போன தையில் பேத்திக்குக் காது குத்தினோம், நான்தான் பலகாரம் சுட்டேன்.

உங்கள் டாக்டர் எழுதியிருக்கும் ஜோடிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அக்காவைப் போல மாதவிடாய் நின்ற 668 பெண்களை இரண்டாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். லெட்ரோசோல் மட்டும் எடுத்தவர்களில் பாதிப் பேர் 51 மாதத்துக்கு மேல் இருந்தார்கள், ரைபோசிக்ளிப்பும் சேர்த்தவர்களில் பாதிப் பேர் 63 மாதத்துக்கு மேல் இருந்தார்கள். பாதிப் பேர் என்பதைக் கவனியுங்கள். மீதிப் பாதி அதற்குக் குறைவு. அக்கா எந்தப் பாதி என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது, நாடி பிடித்தும் சொல்ல முடியாது.

மண்வாசனை:
எல்லோரும் ஒரு பக்கமாகவே பேசுவதால் நான் மறுபக்கம் சொல்கிறேன். என் பெரியம்மாவுக்கு இதே மார்பகப் புற்று. ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. கஷாயம், கீரை, கோதுமைப்புல் சாறு, இவ்வளவுதான். நாலு வருடம் நடமாட்டத்தோடு இருந்தார். என் மாமனாருக்குக் குடலில் வந்தது, ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் கடைசி மூன்று வாரம் வரை கீமோ ஏற்றினார்கள். வாயெல்லாம் புண், தண்ணீர் இறங்கவில்லை, சாவதற்கு முந்தின நாள் கூட பில் கட்டச் சொல்லிக் கூப்பிட்டார்கள். குணமாகாது என்று அவர்களே சொல்லும்போது எதற்கு இந்தச் சித்திரவதை? நம் முன்னோர்கள் முட்டாள்களா?

சேலத்துக்காரன்:
மாமனாருக்கு நடந்தது கொடுமை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. உயிர் போகும் நேரத்தில் கீமோ ஏற்றுவது வாழ்நாளைக் கூட்டாமல் கஷ்டத்தைக் கூட்டுகிறது என்று கேன்சர் டாக்டர்களின் ஆய்வுகளே சொல்லியிருக்கின்றன. ஆனால் மோசமாகக் கொடுக்கப்பட்ட கீமோவுக்கும் இந்த அக்காவுக்கு எழுதியிருக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்? ஒருத்தர் பஸ்ஸில் அடிபட்டார் என்று நாம் ரயிலில் ஏறாமல் இருப்போமா.

பெரியம்மா விஷயத்துக்கு வருகிறேன். லண்டனில் மிடில்செக்ஸ் என்று ஒரு பழைய ஆஸ்பத்திரி. 1805 முதல் 1933 வரை அங்கே எந்த வைத்தியமும் இல்லாமல் பராமரிக்கப்பட்ட 250 மார்பகப் புற்று நோயாளிகளின் கணக்கைப் பிற்பாடு எடுத்துப் பார்த்தார்கள். அறிகுறி தெரிந்த நாளிலிருந்து பாதிப் பேர் 2.7 வருடம் தாண்டியிருந்தார்கள். 100இல் 18 பேர் ஐந்து வருடம், மூன்று நாலு பேர் பத்து வருடம் கூட இருந்திருக்கிறார்கள். கஷாயமும் இல்லை, கீமோவும் இல்லை. சில கட்டிகள் மெதுவாக வளரும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஒருவர் வைத்தியரிடம் போனால் புகழ் வைத்தியருக்கு. ஆறு மாதத்தில் போய்ச் சேர்ந்தவர்களின் வீட்டுக்காரர்கள் யாரும் யூடியூபில் பேட்டி கொடுப்பதில்லை.

அமெரிக்காவில் 2018இல் ஒரு கணக்கு வந்தது. ஆஸ்பத்திரி வைத்தியத்தை விட்டுவிட்டு மாற்று வைத்தியம் மட்டும் எடுத்தவர்கள் 281 பேர். அதில் மார்பகப் புற்று இருந்தவர்கள் இறக்கும் வாய்ப்பு, ஆஸ்பத்திரி வைத்தியம் எடுத்தவர்களைவிட ஐந்து மடங்குக்கு மேல். உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா, அது பரவாத நிலையில் இருந்தவர்களைப் பற்றிய கணக்கு. நாலாம் நிலைக்கு அந்த எண்ணை அப்படியே ஒட்டக்கூடாது.

தனிமரம்:
நான் அதிகம் எழுத மாட்டேன். என் மனைவிக்கு ஹெர்2 பாசிட்டிவ். ஹெர்2வைக் குறிவைக்கும் டிராஸ்டுஜுமாப் ஊசி மூன்று போட்டதில் கட்டி நன்றாகச் சுருங்கியது. சுருங்கியதைப் பார்த்து, இனிமேல் இயற்கையிலேயே போகலாம் என்று முடிவெடுத்தது நான்தான், அவள் இல்லை. ஏழு மாதத்தில் மார்பில் உடைந்தது. வீட்டுக்கு யாராவது வந்தால் வாசனை தெரியுமே என்று அவள் ஊதுபத்தி கொளுத்தி வைப்பாள். கடைசியில் ஒரு நர்ஸ் அம்மாதான் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடி செய்து புண்ணில் தூவச் சொன்னார், இரண்டு நாளில் வாசனை நின்றது. இரண்டு நாள்! அதைக் கூட எனக்கு ஏழு மாதமாக யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கப் போகவில்லை. மாமாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

பாபநாசம் மூலிகை:
நான் பி.எஸ்.எம்.எஸ். படித்துவிட்டுச் சித்த மருத்துவம் பார்க்கிறேன், என் பக்கத்திலிருந்தும் ஒரு வார்த்தை. சித்த மருத்துவத்தில் புற்றுக்கு மருந்து சொல்லப்பட்டிருக்கிறது. இரசகந்தி மெழுகு, சேராங்கொட்டை சேர்ந்த மருந்துகள் எல்லாம் நாங்கள் படித்தவைதான். முதலாவதில் பாதரசம் சேருகிறது, சேராங்கொட்டையின் நஞ்சை நீக்கும் சுத்தி சரியில்லை என்றால் தோல் வெந்துவிடும். தெரிந்தவர் கையிலேயே கவனம் வேண்டிய சரக்கு இது. பரவிய மார்பகப் புற்றில் இவை ஆயுளைக் கூட்டுகின்றன என்று காட்டும் முறையான ஒப்பீட்டு ஆய்வு இருந்தால் என்னிடம் வருபவர்களுக்கு நானே முதலில் காட்டியிருப்பேன். பசி, மலச்சிக்கல், தூக்கம், வாய்ப்புண் இவற்றுக்கு எங்களால் உதவ முடியும். அதுவும் அவர்களுடைய டாக்டருக்குத் தெரிந்து.

பதிவு பெற்ற எந்தச் சித்த மருத்துவரும் மருந்தின் பெயரை எழுதித் தர வேண்டும். பெயர் இல்லாத பொட்டலம், ரொக்கம், குணமாகும் என்ற உத்தரவாதம், இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் அது வைத்தியமே இல்லை. புற்றுநோயைக் குணமாக்குவேன் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் வருடச் சட்டம் தடை செய்திருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியும், அதனால்தான் வாய்வழியாகவே ஆள் பிடிப்பார்கள். இன்னொன்று, பொட்டலத்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் முதல் மாதம் நன்றாகப் பசிக்கும், வலி குறையும், முகம் கூடத் தெளிவாக இருக்கும். மாமா அதைப் பார்த்து நம்பிவிடுவார். எங்கள் துறைக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருவது இந்த ஆட்கள்தான், கோபம் வருகிறது, மன்னிக்கவும்.

முன்னோர்கள் முட்டாள்களா என்று மண்வாசனை கேட்டார். வீட்டு வாசலில் நித்தியகல்யாணி வைத்திருப்போம், அதிலிருந்துதான் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்துகள் வந்தன, மார்பகப் புற்றுக்கே கொடுக்கும் வினோரெல்பின் அந்தச் சரக்கை மாற்றிச் செய்ததுதான். பாக்ளிடாக்சல் என்ற கீமோ மருந்து ஒரு மரப்பட்டையிலிருந்து வந்தது. செடி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்தச் செடியில் எது, எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்று அளந்து கொடுக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

மருந்துக்கடை அண்ணாச்சி:
சேர்த்துச் சாப்பிடலாமா என்று கேட்டதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். ரைபோசிக்ளிப் மூன்று வாரம் சாப்பிட்டு ஒரு வாரம் விட வேண்டும். மருந்தை ஆரம்பிக்கும் முன்னாலும் ஆரம்பித்த பிறகும் ஈ.சி.ஜி. பார்ப்பார்கள், ஏனென்றால் இதயத் துடிப்பின் தாளத்தைக் கொஞ்சம் நீட்டிவிடும். ரத்த அணுவும் கல்லீரல் பரிசோதனையும் பார்ப்பார்கள். இந்த மருந்தைக் கல்லீரல்தான் உடைத்து வெளியேற்றுகிறது. பம்ப்ளிமாஸ் பழம் அந்த வேலையைத் தடுத்து மருந்தை உடம்பில் ஏற்றிவிடும் என்பதால் அதையே சாப்பிடாதே என்கிறோம். ஒரு பழத்துக்கே இந்தக் கதை என்றால் பெயர் தெரியாத பொட்டலத்துக்கு நான் என்ன சொல்ல? கல்லீரல் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. என்ற எண் ஏறினால் மாத்திரையாலா, பொட்டலத்தாலா, நோயாலா என்று டாக்டருக்கும் தெரியாது, கடைசியில் வேலை செய்துகொண்டிருக்கும் நல்ல மருந்தைத்தான் நிறுத்துவார்கள்.

சீந்தில் கொடி கொரோனா நேரத்தில் வீட்டுக்கு வீடு ஓடியது ஞாபகம் இருக்கும். அதில் கல்லீரல் கெட்டு வந்தவர்களைப் பற்றி 2021இல் மும்பை டாக்டர்கள் எழுதினார்கள். முள் சீத்தா இலைக் கஷாயம் வாட்ஸப்பில் சுற்றுகிறது, குவாதலூப் தீவில் அதை வழக்கமாகச் சாப்பிட்டவர்களிடம் பார்கின்சன் மாதிரி ஒரு நரம்பு நோய் அதிகம் இருப்பதை 1999லேயே கவனித்திருக்கிறார்கள். பாதாம் கசப்புக் கொட்டை, பி17 வைட்டமின் என்று விற்பது வைட்டமினே இல்லை, உள்ளே போய் சயனைடு விடும். 1982இல் அமெரிக்காவில் 178 பேருக்குக் கொடுத்துப் பார்த்து ஒன்றும் பலிக்கவில்லை என்று முடித்துவிட்டார்கள், இங்கே இன்னும் ஆர்டர் வருகிறது.

குழம்பில் மஞ்சள், ரசத்தில் மிளகு தாராளமாகப் போடலாம். மஞ்சள் கேப்சூல் வேறு. டமாக்சிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்தக் கேப்சூல் மருந்தின் அளவை ரத்தத்தில் குறைக்கிறது, மிளகுச் சத்து சேர்ந்தால் இன்னும் குறைக்கிறது. அக்காவுக்கு டமாக்சிஃபென் இல்லை, ஆனாலும் எதைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடட்டும்.

அந்த உப்பு புளி இல்லாப் பத்தியம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. எடை இறங்கக்கூடாத நேரத்தில் சோறே இறங்காமல் செய்வது அது. முட்டை, பருப்பு, மீன், தயிர் எல்லாம் சாப்பிடட்டும். வெள்ளை அணு குறையும் நாளில் பச்சையாக அரைத்த சாறு மட்டும் வேண்டாம்.

புதுவரவு:
என் அம்மாவுக்கும் இதே நிலை. அறுத்து எடுத்துவிட்டால் வேர் போய்விடாதா? ஆபரேஷன் செய்ய மாட்டேன் என்கிறார்கள். பணம் இல்லை என்று ஒதுக்குகிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

சேலத்துக்காரன்:
இல்லை. மும்பை டாட்டா மெமோரியலிலேயே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கண்டுபிடிக்கும்போதே பரவியிருந்த 350 பெண்களில் ஒரு பாதிக்கு மார்பில் ஆபரேஷன், மறு பாதிக்கு இல்லை. 2015இல் முடிவு வந்தது, வாழ்நாளில் வித்தியாசம் இல்லை. பிறகு அமெரிக்காவில் செய்த ஆய்விலும் அப்படியே. புண் உடைந்து தொல்லை கொடுத்தால் அப்போது எடுப்பது வேறு. பயாப்சியால் பரவியது என்ற பேச்சுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், அக்காவுக்கு இடுப்பு வலி வந்து ஆறு மாதம், ஊசி குத்தியது போன மாதம். எது முந்தி?

வலிகாமம்:
யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு மூன்றும் நெகட்டிவ் ரகம், ஹார்மோன் குளிசை வேலை செய்யாது. தெல்லிப்பழையில் காட்டினோம். இரண்டாவது கீமோவும் வேலை செய்யவில்லை என்று தெரிந்த பிறகு அம்மாவே "காணும் பிள்ளை", அதாவது போதும் என்று சொல்லிவிட்டா. நாங்கள் அழுதோம், ஆனால் அந்த முடிவை மதித்தோம். கீமோவை விட்டது வேறு, வைத்தியத்தை விட்டது வேறு. வலிக்கு வாய்வழி மோர்ஃபின் தந்தார்கள், அது குடுத்தால் சீக்கிரம் செத்துப்போவா என்று சித்தி பயந்தா. அப்படி ஒன்றும் நடக்கவில்லை, நித்திரை கொண்டா, சாப்பிட்டா, முற்றத்தில் கதிரை போட்டு இருந்து எல்லோரோடும் கதைத்தா. நாலு மாதம்.

வலி நிவாரணப் பிரிவை முதல் நாளிலேயே கேளுங்கள், கடைசிக்கு என்று வைக்க வேண்டாம். 2010இல் நுரையீரல் புற்று முற்றிய 151 பேரிடம் செய்த ஆய்வில், ஆரம்பத்திலேயே அந்தப் பராமரிப்பு கிடைத்தவர்கள் கூடக் காலம் இருந்திருக்கினம், அதுவும் கடைசியில் கடும் வைத்தியம் குறைவாக எடுத்துக்கொண்டு. மார்பகம் இல்லை, நுரையீரல்தான், ஆனாலும் எங்கள் வீட்டில் கண்டது அதைத்தான்.

மண்வாசனை:
மாமனாருக்கு மோர்ஃபின் என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. அதைக் கேட்க எங்களுக்கும் தெரியவில்லை. சரி, பொட்டலத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்த வைத்தியர் மாமாவோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியிருப்பார். ஆஸ்பத்திரியில் மூன்று நிமிடம். ஜனங்கள் எங்கே போவார்கள்?

ஆறாவது வருடம்:
இது நூற்றுக்கு நூறு உண்மை. உண்மையைச் சொன்ன டாக்டர் தோற்றுப்போனார், பொய் சொன்னவர் ஒரு மணி நேரம் கொடுத்து ஜெயித்துவிட்டார். தம்பி, டாக்டரிடம் தனியாக நேரம் கேட்டு மாமாவைக் கூட்டிப்போங்கள். "குணமாகுமா" என்று கேட்க வேண்டாம். "இது எத்தனை நாள் கட்டுப்படுத்தும், வேலை செய்யவில்லை என்றால் அடுத்து என்ன, அவள் எப்படி இருப்பாள்" என்று கேட்கச் சொல்லுங்கள். சர்க்கரை, பிரஷருக்கு நாம் குணமாகுமா என்று கேட்டுக்கொண்டா மாத்திரை சாப்பிடுகிறோம்?

காசு விஷயம். முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை இருக்கிறது, இந்த மருந்து அதில் வருமா என்று ஆஸ்பத்திரிக் காப்பீட்டு கவுண்டரில் கேளுங்கள். ரைபோசிக்ளிப் கட்டாது என்றால் பால்போசிக்ளிப் இப்போது மலிவு. ஆயுளைக் கூட்டுகிறது என்ற ஆதாரம் ரைபோசிக்ளிப்புக்குத்தான் தெளிவு, பால்போசிக்ளிப்பில் நோய் வளர்வது தள்ளிப்போனது, ஆயுள் கணக்கில் வித்தியாசம் உறுதியாகவில்லை. அதையும் டாக்டரிடமே கேட்டு முடிவெடுங்கள். அடையாறு, காஞ்சிபுரம் காரைப்பேட்டை கேன்சர் ஆஸ்பத்திரிகள் என்று இன்னொரு கருத்துக் கேட்கவும் இடம் இருக்கிறது.

அப்புறம், அக்காவை நடக்க வையுங்கள். எலும்பில் இருப்பதால் எந்த அளவு என்று கேட்டுவிட்டு. 2024இல் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பரவிய மார்பகப் புற்று உள்ள 357 பேரில் ஒரு பாதியை ஒன்பது மாதம் மேற்பார்வையில் உடற்பயிற்சி செய்ய வைத்துப் பார்த்தார்கள், மறு பாதியைவிட அவர்களுக்கு அசதி குறைந்தது. மாற்று வைத்தியம் என்று எனக்கு உண்மையாகப் பலித்தது அதுவும் மூட்டு வலிக்குக் குத்திய அக்குபங்சர் ஊசியும்தான்.

கெடிலக்கரை:
பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். தனிமரம் அண்ணன் எழுதியதை மாமாவிடம் படித்துக் காட்டினேன். எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். மறுநாள் அவரே வைத்தியருக்கு போன் போட்டுப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று எழுதிக் கேட்டார். "நம்பிக்கை இல்லாதவர்களுக்கு மருந்து பலிக்காது" என்று போனை வைத்துவிட்டாராம். கொடுத்த பணம் திரும்பி வராது.

இதற்கு நடுவில் எங்கள் யாருக்கும் தோன்றாத ஒன்றைச் செய்தது என் மகள். அத்தையிடம் போய் "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டிருக்கிறாள். அக்கா சொன்னது, இடுப்பு வலி நிற்க வேண்டும், உப்புப் போட்டுச் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான். டாக்டரிடம் இரண்டாவது முறை போனபோது இருபது நிமிடம் கொடுத்தார். இடுப்புக்கு ரேடியேஷன் ஒரே ஒரு தடவை கொடுத்தார்கள், வலி பாதிக்குப் பாதி என்கிறாள். மாத்திரை திங்கட்கிழமை ஆரம்பம், ஈ.சி.ஜி. எடுத்தாயிற்று. மாமா இன்னும் வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போய் வர வேண்டும் என்கிறார், போகட்டும், நானும் போகிறேன்.

ஒரு சந்தேகம். எலும்பு ஊசி போடுவதற்கு முன் பல் டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கடவாய்ப்பல் ஆடுகிறது. இப்போதே பிடுங்கலாமா?

மருந்துக்கடை அண்ணாச்சி:
பிடுங்க வேண்டியது என்று பல் டாக்டர் சொன்னால் ஊசிக்கு முன்னாலேயே பிடுங்கி, புண் ஆறிய பிறகு ஊசி போடுங்கள். ஊசி ஆரம்பித்த பிறகு பல் பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமல் நிற்கும் ஆபத்து உண்டு. எந்த ஊசி என்று எழுதி வாங்கிக்கொண்டு போய் பல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கெடிலக்கரை:
சரி அண்ணாச்சி. நாளைக்கே கூட்டிப்போகிறேன்.